சனிக்கிழமைக் கலவை

போஸ்டரின் மேல் விளிம்பில் நகத்தைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள் ரெனீட்டா. பாதிதான் வந்தது. தம்பி டெஷானின் நெற்றியும் கண்ணும் கிழிந்து கையோடு வந்துவிட்டன. வாயும் தாடையும் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு சிரித்தன.

"ஏய், ஏய்! நேத்து சாயந்திரம் நீயே வந்து ஒட்டுன. இன்னைக்கு நீயே வந்து உரிக்கிற. கிறுக்குப் பிடிச்சிருச்சா?" முடிவெட்டும் நாற்காலிக்குப் பின்னாலிருந்து ரூஃபஸ் கத்தினார்.

"பேசாம ஒரு பிளேடு குடுங்கண்ணே. அவன் ஆள் கார்ல சுத்தி வர்றான்."

"எவன் ஆள்?"

"கர்ட் ஸ்டெல்சர். சில்வர் ஆங்கர் கிளப் ஓனர். இந்த சென்டர் தெருவுல என் போஸ்டர் ஒண்ணு கண்ணுல பட்டாலும் நாளைக்கு ஷோ கிடையாதாம்."

கடையில் ஓடிக்கொண்டிருந்த முடிவெட்டும் மிஷின் நின்றது. வெளியே ஏரிக்காற்று கண்ணாடியை அறைந்தது. காலண்டரில் மார்ச் பாதி தாண்டியிருந்தது, குளிர் விட்டிருக்க வேண்டும். மில்வாக்கி நகரத்து ஏரி அதையெல்லாம் பார்ப்பதில்லை.

ரூஃபஸ் பிளேடை நீட்டினார். "நம்ம பையன் பாடுறான். நம்ம தெருவுல போஸ்டர் ஒட்டக் கூடாது. அப்புறம் யாருக்குடி கச்சேரி?"

"யுனிவர்சிட்டி பக்கம் ஒட்டச் சொல்றான். ஆத்துக்குக் கிழக்கால மட்டும்."

"ஏன், அங்க சுவத்துல பசை நல்லா பிடிக்குமா?"

அடுத்த நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தவர் குலுங்கிச் சிரித்தார். ரெனீட்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிளேடை வைத்து டெஷானின் வாயைச் சுரண்டினாள்.

"கலவை சரியா இருக்கணுமாம். அவன் சொன்ன வார்த்தை. 'ரெனீட்டா, எனக்கு எல்லாரும் வேணும். ஆனா ரூமுக்குள்ள கலவை சரியா இருக்கணும்' அப்படின்னான்."

"என்னத்துக்குக் கலவை? வீடா கட்டுறான்?"

"சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வயிறு எரியுது."

"எரியட்டும். நான் எளவட்டமா இருந்தப்போ அந்த எடத்துக்குப் போனேன். அப்ப அதுக்கு வேற பேரு. டை கட்டலைன்னு வெளியே தள்ளினான். அடுத்த வாரம் எங்கப்பா டையைக் கட்டிட்டுப் போனேன். இன்னைக்கு டை கட்டுனவங்களுக்கு அனுமதி இல்லைன்னான்." மிஷினை மறுபடி ஓடவிட்டார். "அவன் பேரனா இருப்பான் உங்க கர்ட்டு."

கடைசித் துணுக்கையும் சுரண்டி எடுத்து, கிழிந்த முகங்களைக் குப்பைக் கூடையில் போடாமல் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டாள். இன்னும் சலவைக்கடை, கோழிக்கடை, பஸ் நிறுத்தம் பாக்கி. ஓடினாள்.

இரண்டு வருடமாக அவள் செவ்வாய்க்கிழமைக்காரி.

செவ்வாய்க்கிழமை என்பது கிளப் உலகத்தில் யாருக்கும் வேண்டாத நாள். ஈ ஓட்டுகிற நாள். அதைக் கொடுத்து, "ஜமாய்" என்றான் கர்ட். அவள் ஜமாய்த்தாள். நம் வடக்குப் பக்கத்து ராப் பசங்க அத்தனை பேரையும் அந்த மேடையில் ஏற்றினாள். ஆனால் அவள் நாளுக்கு மட்டும் வாசலில் கூடுதல் காவலாள், உடம்பைத் தடவிப் பார்க்கிற சோதனை, ஷூவுக்குச் சட்டம், தொப்பிக்குச் சட்டம். அதே கிளப்பில் சனிக்கிழமை அதே பாட்டுத்தான், அதே தாளந்தான். போடுகிறவன் மட்டும் புறநகர் வெள்ளைப் பையன். அந்தக் கூட்டம் சேற்று பூட்ஸோடு உள்ளே போகும், கேட்பாரில்லை.

அந்தச் சனிக்கிழமையில் ஒன்றை அவள் கேட்டுக்கேட்டு வாங்கியிருந்தாள். நாளைக்கு. சரியாக நடந்தால் மாதம் ஒரு சனிக்கிழமை அவளுக்கு. சொதப்பினால் செவ்வாயும் போச்சு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நம் பசங்களுக்கு வேறு மேடை இல்லை. எல்லாக் கிளப்பிலும் தட்டிப் பார்த்துவிட்டாள்.

வீட்டு மாடிப்படி ஏறும்போதே மீன் வறுக்கிற வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை, அந்த ஊரில் மீன் நாள். சோளமாவில் புரட்டிய கெளுத்தியை அவள் கணவன் கார்னெல் எண்ணெயில் இறக்கிக்கொண்டிருந்தான். ஆறடிக்கு மேலே ஆள். அடுப்பு அவனுக்கு முழங்கால் உயரத்தில் இருப்பது போலத் தெரியும். பக்கத்து அடுப்பில் ஸ்பகெட்டி. மேஜையில் டெஷான் பாதி மீனை முடித்திருந்தான்.

"உன் மூஞ்சியைத் தெருத்தெருவா உரிச்சிட்டு வர்றேன்டா" என்று கோட்டுப் பையைக் கவிழ்த்தாள். காகிதத் துண்டுகள் மேஜையில் கொட்டின.

டெஷான் தன் மூக்கைத் தேடி எடுத்துப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கேன். எதுக்கு உரிக்கச் சொன்னான்?"

"கலவை."

"என்னக்கா கலவை?"

"நம்ம ஆளுங்க நிறைய வந்துட்டா, அவங்க ஆளுங்க வரமாட்டாங்களாம். கூட்டம் கறுத்துப் போச்சுன்னா சாராயம் விக்காதாம். அதை நேராச் சொல்லாம மேக்கப் போட்டுச் சொல்றான்."

கார்னெல் திரும்பவில்லை. மீனைத் திருப்பினான். இடது கை வழக்கம்போல பேண்ட் பைக்குள். காருக்கு இரும்பு அடிச்சட்டம் செய்யும் ஃபாக்டரியில் பிரஸ் மிஷினில் பத்து வருஷம் நின்றவன். ஃபாக்டரி மூடின பிறகு சில்வர் ஆங்கர் வாசலில் வேலை. அந்த இடது கட்டைவிரல் கொஞ்ச நாளாகவே தானாகத் துடிக்கிறது. நரம்பு என்பான். குளிருக்கு அப்படித்தான் என்பான். போன ஞாயிறு சர்ச்சில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜனங்கள் உள்ளே வரவர, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் கட்டைவிரல் ஓயாமல் துடித்தது. அவள்தான் தன் கையுறையைக் கழற்றி அவன் கைமேல் போர்த்தினாள். அடுத்த நாள் புறநகர் மாலுக்குப் போனபோது விரல் அசையவே இல்லை. உள்ளே கதகதப்பாக இருந்தது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"கார்னெல், நீ என்ன சொல்ற?"

"நான் என்னத்தச் சொல்ல? நாளைக்கு ஒழுங்கா நடக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

"நீ வாசல்ல நிக்கிறவன். உனக்குத் தெரியாதா? மூணு வாரம் முன்னாடி என் சித்தி பையனை ஷூ சரியில்லைன்னு திருப்பி அனுப்பின. அதே ஷூ போட்ட காலேஜ் பையன் அவன் கண்ணு முன்னாடி உள்ள போயிருக்கான்."

"நான் ஷூவைப் பாக்குறேன் ரெனி. அதுதான் என் வேலை."

"ஷூவைப் பாத்தியா, ஷூ போட்ட காலைப் பாத்தியா?"

எண்ணெய் சடசடத்தது. டெஷான் மெதுவாக, "மாமா, உப்பு எங்க?" என்றான். உப்பு அவன் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஒருத்தராவது நம்ம ஆள் அந்த வாசல்ல நிக்கட்டும்னுதான் நிக்கிறேன்" என்றான் கார்னெல். "நான் இல்லைன்னா அவன் எவனை நிறுத்துவான் தெரியுமா? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுற பயலை."

"நீ கழுத்தைப் பிடிக்காமத் தள்ளுற. அவ்வளவுதான் வித்தியாசம்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் அவளுக்குப் பெரிய துண்டாகப் பார்த்து, ரொட்டியோடு வைத்து நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். காரச் சாஸை மீன் மூழ்குகிற வரைக்கும் ஊற்றினாள்.

சனிக்கிழமை மத்தியானமே வேனில் ஸ்பீக்கர்கள் போய் இறங்கின. ஸ்பீக்கர் அவளுடையது, மிக்ஸர் அவளுடையது, டிஜே அவளுடைய ஆள். கிளப்பின் சவுண்டை நம்பி அவள் ஒருநாளும் வந்ததில்லை. பசங்களோடு சேர்ந்து ஒயர் இழுத்தாள், டேப் ஒட்டினாள், மேடையில் ஒட்டிக்கொண்டிருந்த நேற்றைய பீரை மண்டியிட்டுத் துடைத்தாள். டெஷான் மைக்கில் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு, சட்டை மாற்றிவரக் கூட்டாளிகளோடு வீட்டுக்குப் போனான்.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. முதலில் யுனிவர்சிட்டி பசங்கள் வந்தார்கள். பீர் குடித்தார்கள், கையைத் தூக்கி ஆடினார்கள். கர்ட் மதுக்கவுண்டர் ஓரத்தில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். சின்ன ஆள், எப்போதும் பளிச்சென்று இஸ்திரி போட்ட சட்டை.

"பாத்தியா? எவ்வளவு அழகாயிருக்கு! நான் சொன்னேன்ல?"

அவள் தலையாட்டினாள். ஆடுகிற தளத்தில் அங்கங்கே பத்திருபது தெரிந்த முகங்கள். மீதி இடம் காலி. மணி ஏழரை. வடக்குப் பக்கத்துக் கூட்டம் இந்நேரம் வந்திருக்க வேண்டும். போஸ்டரை உரித்தால் ரூஃபஸ் வாயை உரிக்க முடியுமா? அந்தக் கடையில் ஒரு வார்த்தை விழுந்தால் ராத்திரிக்குள் தெரு முழுக்கப் போய்விடும். பிறகு ஏன் வரவில்லை?

மடக்கு போன் அதிர்ந்தது. டெஷான்.

"அக்கா, மாமா உள்ள விடமாட்டேங்குறாரு."

"யாரை?"

"என்னையத்தான்."

"விளையாடாதடா. மேடைல உன் மைக்கு நிக்குது."

"நான் சாமி சத்தியமா வெளிய நிக்கிறேன். ரூம் நிறைஞ்சிருச்சாம். அக்கா, இங்க நம்ம ஆளுங்க தெருக்கோடி வரைக்கும் நிக்குறாங்க. குளுரு கொல்லுது."

ரெனீட்டா திரும்பித் தளத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு பையன் கைகளை விரித்துப் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி இருபதடிக்கு யாருமில்லை.

அவள் ஓடினாள்.

வாசலில் முகத்தைக் கிழிக்கிற காற்று. தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசை தெருக்கோடி வரைக்கும் நீண்டிருந்தது. எல்லாரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். தொப்பி இல்லை, பூட்ஸ் இல்லை. சட்டம் அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்கள். முன்னால் ரூஃபஸ். பழங்காலத்துச் சிவப்பு டை.

"டை கட்டிட்டு வந்திருக்கேன்டி" என்றார். "இன்னைக்கு என்ன சட்டம்? கேட்டுச் சொல்லு."

கார்னெல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றான். வலது கையில் ஆள் எண்ணுகிற கிளிக்கர். எஃகு டப்பி, கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று கூடும், பக்கத்துப் பித்தானை அழுத்தினால் ஒன்று குறையும். இடது கை கோட்டுப் பையில்.

"என் தம்பியை ஏன் நிறுத்துன?"

"ரூம் ஃபுல் ரெனி. ஃபயர் சட்டம். நான் என்ன பண்ண?"

அவள் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். அவன் தலைக்கு மேலே, உள்ளே எத்தனை பேர் இருக்கலாம் என்று சொல்லும் தீயணைப்புத் துறையின் பலகை தொங்கியது. பலகையில் இருந்த எண்ணிக்கையில் பாதிகூட டப்பியில் இல்லை.

"இதுவா ஃபுல்லு?"

பதில் வருமுன் உள்ளேயிருந்து ஐந்து காலேஜ் பசங்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து பஸ் நிறுத்தம் பக்கம் போனார்கள்.

"சரி. இப்ப அஞ்சு பேர் போயாச்சு. டெஷானை விடு."

"இல்ல ரெனி. கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"மாமா, பிளீஸ்" என்றான் டெஷான். உதடு நீலம் பாரித்திருந்தது. "தொண்டை கட்டிரும்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ரூஃபஸின் மகள் கீஷா வெளியே வந்தாள். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க இன்னும் இங்கயா நிக்கிறீங்க?" என்றாள்.

கார்னெல் சட்டென்று கயிற்றைத் தூக்கினான். "டெஷான், நீ வா. ஒருத்தர் போகலாம். சீக்கிரம்."

யாரும் நகரவில்லை. டெஷான்கூட நகரவில்லை. ரெனீட்டா கயிற்றில் கை வைத்து அழுத்தினாள்.

"நில்லு. அஞ்சு வெள்ளைப் பசங்க போனப்ப இடம் வரலை. கீஷா வெளிய வந்ததும் இடம் வந்துருச்சா?"

கார்னெல் இடது கையைப் பைக்குள் இன்னும் ஆழமாக நுழைத்தான்.

அவள் கண் அவன் கோட்டுப் பைக்குப் போனது. சர்ச் ஞாபகம் வந்தது. நம் ஜனம் ஒவ்வொருவராக உள்ளே வர, ஒவ்வொருவருக்கும் ஒரு துடிப்பு. புறநகர் மாலில் அத்தனை வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவே செத்துக் கிடந்த விரல். குளிரில்லை. நரம்பில்லை.

"கையை வெளிய எடு."

"ரெனி, வீட்ல பேசுவோம்."

"இடது கையை எடு கார்னெல்."

அவன் எடுக்கவில்லை. அவளே உள்ளே கையை விட்டு, அந்தப் பெரிய கை முஷ்டியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவன் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது இரண்டாவது கிளிக்கர்.

அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். வரிசை மொத்தமும் பார்த்தது. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கள எண்ணுறீங்களாடா?" என்றார் ரூஃபஸ். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தனியா எண்ணுறீங்களா? டேய் கார்னெல், உங்கப்பனுக்கு நான் முடி வெட்டியிருக்கேன்டா."

சத்தம் கேட்டு கர்ட் வெளியே வந்தான். கோட்டில்லாமல், கைகளைத் தேய்த்துக்கொண்டு. டப்பியைப் பார்த்தான். முகம் மாறவே இல்லை.

"ரெனீட்டா, உள்ள வா. இதை இங்க வச்சுப் பேச வேண்டாம்."

"இங்கதான் பேசணும். இது என்ன?"

"கலவைக்கு. நீயே உள்ள பாத்த. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு! நான் இனவெறி புடிச்சவன்னா உனக்கு நாள் குடுத்திருப்பேனா? வாசல்ல உங்காளையே நிறுத்தியிருப்பேனா?"

"அதுக்காகத்தான் நிறுத்துன. முடியாதுங்குற வார்த்தை எங்க வாயிலிருந்தே வரணும்னு நிறுத்துன."

"இது வியாபாரம்மா. மாசம் ஒரு சனிக்கிழமை. உன் கையில இருக்கு. யோசி."

யோசித்தாள். இரண்டு வருடச் செவ்வாய்க்கிழமைகள் மொத்தமும் ஒரு கணத்தில் கண்முன் ஓடின. மேடையேறிய ஒவ்வொரு பையனும். இந்தக் கதவு மூடினால் வேறு கதவு இல்லை என்பது அவளைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறான்.

அவள் டப்பியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். தளத்தைத் தாண்டி, மேடை ஏறி, டிஜே பையனின் காதில்கூடச் சொல்லாமல், சுவரோரம் குனிந்து மெயின் ஒயரைப் பிடுங்கினாள்.

சத்தம் செத்தது. "ஹேய்!" என்று ஒரு குரல். கை தூக்கியவர்கள் தூக்கியபடியே நின்றார்கள்.

"ஸ்பீக்கர் என்னோடது" என்றாள் இருட்டைப் பார்த்து. "கழட்டுங்கடா."

உள்ளே இருந்த பத்திருபது பேரும் பேசாமல் மேடைக்கு வந்து ஆளுக்கு ஒன்றைத் தூக்கினார்கள். காலேஜ் பசங்களில் சிலர் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார்கள். ஒரு பெண் மட்டும், என்ன ஏதென்று தெரியாமல், மைக் ஸ்டாண்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள்.

"இனிமே இந்த ஊர்ல ஒரு கிளப்பும் உனக்குத் திறக்காது" என்றான் கர்ட். அதையும் மெதுவாக, வருத்தம்போலத்தான் சொன்னான்.

"இதுவரைக்கும் திறந்திருந்துச்சா?"

சந்துக்குள் வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. பசங்கள் ஸ்பீக்கரை ஏற்றிவிட்டு மிச்சத்தை எடுக்கப் போனார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த அவள் கைவிரல்கள் மரத்துப்போயிருந்தன. காலடி கேட்டது. யார் என்று பார்க்க அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

கார்னெல் பெரிய ஸ்பீக்கரைத் தனியாளாகத் தூக்கி வந்து வைத்தான். வாசல்காரன் கோட்டைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். வெறும் சட்டை காற்றில் படபடத்தது.

"எப்பலேர்ந்து?" என்றாள்.

"முதல் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து." தரையைப் பார்த்துச் சொன்னான். "அந்த நாளையே அதுக்காகத்தான் குடுத்தான் ரெனி. நீ வாசல்ல எண்ணு, உன் பொண்டாட்டிக்கு மேடை தர்றேன்னான். நீ அப்ப எத்தனை வாசல் ஏறி இறங்கிட்டு வந்து அழுதுட்டிருந்த, ஞாபகம் இருக்கா?"

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"சொன்னா வேண்டாம்னிருப்ப."

"ஆமா."

"அதான் சொல்லலை."

அவள் ஒயரை வேனுக்குள் எறிந்தாள். அடிக்க வேண்டும் போலிருந்தது. அந்த இடது கையை, அதே கையை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துவிட்ட ராத்திரிகள் வேறு ஞாபகம் வந்து தொலைத்தன. பையிலிருந்து டப்பியை எடுத்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் அதன் எண்ணைப் பார்த்தாள். உள்ளே எத்தனை கறுப்பு முகம் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒயரைப் பிடுங்கும்போது மேடையிலிருந்து எல்லாரையும் பார்த்திருந்தாள். மேடைக்கு வந்து ஸ்பீக்கர் தூக்கியவர்கள், கீஷா. மனசுக்குள் ஒவ்வொரு முகமாக ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள்.

"இதுல ரெண்டு கூட இருக்கே."

கார்னெல் ஸ்பீக்கரை இன்னும் உள்ளே தள்ளிவைத்தான்.

"கீஷா வெளிய வந்ததைக் கழிக்கலை, சரி. நீ கழிக்கிறதுக்குள்ள நான் டப்பியைப் பிடுங்கிட்டேன். அவளைச் சேத்தும் ரெண்டு கூட. யாரு அது?"

"விடு ரெனி."

"யாரு?"

காற்று வேன் கதவை ஆட்டியது. அவனுடைய வெறும் இடது கையில், எதையும் பிடித்திராத கட்டைவிரல் ஒருமுறை துடித்தது. பிறகு இன்னொரு முறை.

"கதவு திறக்குறதுக்கு முன்னாடி சைபருக்குக் கொண்டுவருவேன்" என்றான். "முதல் அழுத்து எனக்கு. ரெண்டாவது உனக்கு."